வேளாண் விரிவாக்க மையத்தில் யாரை, எதற்காக, எப்படி அணுகுவது? (மரவள்ளி, தென்னை, வீட்டுக் காய்கறித் தோட்டம் – சேலம் மாவட்டம்)

பெரியகாடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் சென்னையில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால், சேலம் மாவட்டம் வாழப்பாடிக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பியிருக்கிறேன். இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, வரப்போரத்திலும் கிணற்று மேட்டிலும் தென்னை, வீட்டுக் கொல்லையில் என் மனைவி போட்டிருக்கும் தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பாத்திகள்.

இப்போது மூன்றிலும் கோளாறு தெரிகிறது. மரவள்ளியில் நுனி இலைகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் உச்சி கொத்தாகக் குறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. தென்னையின் கீழ்மட்டைகளில் கரி பூசியதைப் போலக் கருப்பு படிந்திருக்கிறது. தக்காளிச் செடிகளோ பூ எடுக்கும் நேரத்தில், இலை மஞ்சளாகக்கூட மாறாமல், பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் தலை சாய்கின்றன.

மருந்துக் கடைக்காரரிடம் சொன்னால், செடியைப் பார்க்காமலேயே மூன்று புட்டிகளை எடுத்து வைத்து, கலந்து அடிக்கச் சொல்கிறார். மூன்று பயிருக்கும் அதே கலவைதான். எதற்கு எந்த மருந்து என்று கேட்டால், “எல்லாத்துக்கும் கேட்கும்” என்கிறார். குழந்தைகள் விளையாடும் கொல்லையில் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வட்டாரத்தில் வேளாண் விரிவாக்க மையம் இருப்பது தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பெரும்பாலானோர் மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் விதை வாங்கவும் மட்டுமே அங்கே போகிறார்கள். நோய் என்று போய் நின்றால் பார்ப்பார்களா? பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களா? போகும்போது கையில் எதை எடுத்துச் செல்ல வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

உழவர்துணை எழுதியது:

வணக்கம் தம்பி. நான் வேளாண்மைத் துறையில் துணை வேளாண்மை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று மானியம், மற்றொன்று ஆலோசனை. மானியத்துக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று என்று ஆவணங்கள் வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆலோசனைக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. குத்தகைக்கு உழுபவர் கேட்டாலும், பத்துத் தொட்டியில் செடி வளர்ப்பவர் கேட்டாலும் பதில் சொல்வது அலுவலரின் பணிதான். ஆகவே பட்டாவை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது தன் வழியில் நடக்கட்டும்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. புதிதாக வருகிறவர்கள் பலரும் சுற்றி அலைவது இந்த இடத்தில்தான். நம் மாநிலத்தில் தென்னை, நெல், சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, கரும்பு, பருத்தி ஆகியவை வேளாண்மைத் துறையின் கீழ் வருகின்றன. காய்கறி, பழம், பூ, வாசனைப் பயிர்களோடு மரவள்ளியும் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருகிறது. ஆக, உங்கள் தென்னைக்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். மரவள்ளிக்கும் தக்காளிக்கும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். பல வட்டாரங்களில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன என்றாலும், அலுவலர்கள் வேறு. உங்கள் கிராமத்தைப் பொதுவாக ஓர் உதவி வேளாண்மை அலுவலரும் ஓர் உதவி தோட்டக்கலை அலுவலரும் பொறுப்பாகப் பார்ப்பார்கள். முதல் முறை போகும்போதே அவர்கள் இருவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உழவன் செயலியில், உதவி வேளாண் அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்று பார்க்கும் வசதி இருக்கிறது. கள அலுவலர்கள் காலையில் மையத்தில் இருந்துவிட்டு ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது.

கையில் என்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். பணியில் இருந்தபோது என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் காய்ந்து சுருண்ட ஒற்றை இலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். அந்த இலையில் நோயும் இருக்காது, பூச்சியும் இருக்காது; செத்த இலைதான் இருக்கும். பாதிப்பு தொடங்கும் நிலையில் உள்ள பகுதி, நன்றாகப் பாதிக்கப்பட்ட பகுதி, நல்ல பகுதி என மூன்றையும் கொண்டுபோக வேண்டும். செடி வாடினால் வேரோடும் வேர்மண்ணோடும் தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கினால் நுண்வேர்கள் மண்ணிலேயே தங்கிவிடும். ஈரமாக நெகிழிப் பையில் கட்டி வைத்தால் அழுகிவிடும் என்பதால் செய்தித்தாளில் சுற்றி, அன்று காலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். வயல் முழுவதும் தெரியும் ஒரு படம், ஒரு செடி முழுதாகத் தெரியும் ஒரு படம், இலையின் அடிப்பக்கம் கிட்டத்தில் தெரியும் ஒரு படம் ஆகியவை கைப்பேசியில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நீங்கள் சொல்லும் விவரம். நட்டது எப்போது, விதைக்குச்சி எங்கிருந்து வந்தது, முன்பயிர் என்ன, என்ன உரம் எப்போது இட்டீர்கள், எந்த மருந்தை அடித்தீர்கள், பாதிப்பு வயலின் ஓரத்தில் தொடங்கியதா நடுவில் தொடங்கியதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா பரவலாக இருக்கிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரும் பாதிப்பும், தண்ணீர் ஓடும் வழியே பரவும் பாதிப்பும் அலுவலருக்கு வெவ்வேறு காரணங்களைச் சொல்லும்.

பரிந்துரையை எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தின் வேதிப்பெயர், பத்து லிட்டர் தண்ணீருக்கு அளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் கடைக்காரர் வேறு புட்டியை எடுத்து வைக்கத் தயங்குவார்.

குச்சிக்காடு எழுதியது:

நான் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பயிரிடுகிறவன். ஐயா சொன்ன எல்லாவற்றையும் வழிமொழிகிறேன். மரவள்ளியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் அறிகுறியை எங்கள் பகுதி முழுவதும் பார்த்திருக்கிறது.

மரவள்ளியில் மாவுப்பூச்சி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் பகுதி மரவள்ளியையும் பிடித்துக்கொண்டது. அப்போது எந்த மருந்துக்கும் அது முழுதாக அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. இப்போது உள்ளது வேறு பூச்சி. 2020இல் கேரளாவின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதன்பின் நம் மாவட்டங்களுக்கும் வந்த மரவள்ளி மாவுப்பூச்சி இது. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து அங்கே பெரும் பஞ்சத்தை உண்டாக்கும் அளவுக்கு மரவள்ளியை அழித்தது. உடல் இளஞ்சிவப்பாக இருக்கும், மேலே மெல்லிய மாவு இருக்கும். எல்லாமே பெண் பூச்சிகள். ஆணின் துணையில்லாமலேயே முட்டையிட்டுப் பெருகும். நுனி கொத்தாகிக் கணுவிடை குறுகுவது இதற்கே உரிய அடையாளம் என்று எனக்குச் சொன்னார்கள்.

எந்த இனம் என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவி இருக்கிறது. ஒன்றுக்கானது மற்றொன்றுக்கு உதவாது. ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியை அடக்கிய குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியிட்டது. அந்த நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வாழப்பாடியிலிருந்து உங்களுக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியாவிலேயே இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு இதைவிட நெருங்கிய இடம் கிடைக்காது. உங்கள் தோட்டக்கலை அலுவலரிடம் முதலில் காட்டிவிட்டு, அவர் மூலமாகவோ நேரடியாகவோ அங்கே செல்லுங்கள்.

எங்கள் வயலுக்கு அலுவலர் வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. அவர் வயலுக்குள் நேரே நுழையாமல், முதலில் வரப்பைச் சுற்றி வந்தார். பிறகு ஒரு நுனியை ஒடித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டி, பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். சில பூச்சிகள் உப்பிப் பழுப்பேறி அசையாமல் கிடந்தன. அவற்றில் ஒன்றில் இருந்த வட்டத் துளையை எனக்குக் காட்டி, குளவி அதன் உள்ளே வளர்ந்து வெளியேறிய வழி அது என்றார். அதுவரை நாங்கள் அவற்றையும் உயிருள்ள மாவுப்பூச்சி என்றே நினைத்து மருந்தடிக்கத் தயாராக இருந்தோம். அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்தக் குளவிகள்தான்.

எனவே குளவி விடப்பட்ட வயலிலும், அது தானாகவே வந்து சேர்ந்துவிட்ட வயலிலும் பூச்சிக்கொல்லி அடிப்பதை நிறுத்த வேண்டும். பாதிப்பு குறைவாக இருந்தால் கொத்தாகிப்போன நுனிகளை ஒடித்து அப்புறப்படுத்தி எரித்துவிடச் சொல்வார்கள். ஒடித்ததை வாய்க்காலில் போட்டால் கீழ்வயலுக்குப் போய்ச் சேரும். அடுத்த நடவுக்கு உங்கள் வயல் குச்சியையே எடுக்க வேண்டாம். பூச்சியும் தேமல் நோயும் பெரும்பாலும் கரணை (நடுவதற்கு வெட்டிய குச்சித்துண்டு) வழியாகத்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. சுத்தமான கரணை எங்கே கிடைக்கும், நடுவதற்கு முன் எதில் நனைக்க வேண்டும் என்பதையும் ஏத்தாப்பூரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியகாடு எழுதியது:

ஐயாவுக்கும் நண்பருக்கும் மிக்க நன்றி. ஏத்தாப்பூர் வழியாகப் பலமுறை பேருந்தில் போயிருந்தும் அங்கே மரவள்ளிக்கென்றே ஒரு நிலையம் இருப்பது எனக்குத் தெரியாது. தக்காளிக்கும் மண் பரிசோதனைக்கும் யாரிடம் போக வேண்டும்? இது வீட்டுக் கொல்லையில் உள்ள சிறிய பாத்திதான். இவ்வளவு சிறிய தோட்டத்துக்கெல்லாம் நேரம் ஒதுக்குவார்களா என்று என் மனைவி தயங்குகிறார்.

கொல்லைப்புறம் எழுதியது:

உங்கள் மனைவி தயங்க வேண்டியதே இல்லை என்று சொல்லுங்கள் அண்ணா. நான் கொல்லையில் காய்கறி வளர்ப்பவள். சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டப் பயிற்சிக்கு எங்கள் மகளிர் குழுவோடு போயிருக்கிறேன். சேலம் மாவட்டத்துக்கான நிலையம் அதுதான். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கப்பட்டது என்று அந்தப் பயிற்சியின் முதல் வகுப்பில் சொன்னார்கள். பயிர்ப் பாதுகாப்பு, தோட்டக்கலை, மண்ணியல், மனையியல், கால்நடை போன்ற துறைகளில் வல்லுநர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். வட்டார அலுவலருக்குத் திட்டப் பணிகளும் கணக்கெடுப்பும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். இங்கே இருப்பவர்களுக்குச் செய்து காட்டுவதும் பயிற்றுவிப்பதுமே வேலை. கொல்லைத் தோட்டத்துக்கு அவர்களிடம் போவதுதான் சரி என்பது என் கருத்து.

தக்காளி வாடலைப் பற்றி: அங்கே எங்களுக்குச் செய்து காட்டிய ஒரு சோதனையை நீங்களே இன்று வீட்டில் செய்யலாம். புதிதாக வாடிய செடி ஒன்றைத் தோண்டி எடுத்து, தண்டின் அடிப்பகுதியை விரல் நீளத்துக்குக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் தண்ணீரில் படும்படி அந்தத் துண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை எதுவும் வராமல், தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பூசண வாடலாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே சாய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலாவதின் மேல்தான் சந்தேகம். ஆனாலும் செடியை வல்லுநரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாக்டீரியா வாடல் என்றால் மருந்தை அடித்துச் செடியைக் காப்பாற்ற முடியாது. அது மண்ணில் தங்குவது. உங்கள் மனைவியின் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் இருக்கின்றன; மூன்றும் ஒரே குடும்பம், மூன்றையும் அதே நோய் தாக்கும். வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து அழித்துவிட்டு, அந்தப் பாத்தியில் சில பருவங்களுக்கு வெண்டை, கீரை, கொத்தவரை, மக்காச்சோளம் என்று மாற்றிப் போடச் சொல்வார்கள். தக்காளியை மண் கலவை நிரப்பிய பைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். நூற்புழுவாக இருந்தால் செண்டுமல்லியை ஊடே நடலாம். பூசணத்துக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைத் தொழுவுரத்தில் பெருக்கி இடலாம். மூன்றும் வெளியில் வாடலாகத்தான் தெரிகின்றன, ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. இதனால்தான் கடைக்காரரின் கலவையை நீங்கள் வாங்காமல் வந்தது நல்லதாயிற்று என்கிறேன்.

மண் மாதிரியைப் பொறுத்தவரை, அதை எடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. மரவள்ளி வயலில் பத்துப் பதினைந்து இடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மேலே உள்ள சருகைச் செதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே போட்டுவிட்டு, குழியின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்கள் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து பிரித்து, அரைக் கிலோ ஆகும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். உரச் சாக்கைக் கிழித்துப் பையாக்கினால் முடிவு தவறாகிவிடும். உரமிட்ட சூட்டோடும் மாதிரி எடுக்கக் கூடாது. கொல்லை மண்ணைத் தனி மாதிரியாகக் கொடுங்கள். தென்னைக்கு ஓர் அடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியாக எடுக்கச் சொல்வார்கள்.

மண் பரிசோதனை நிலையம் சேலத்தில் இருக்கிறது. உங்கள் விரிவாக்க மையத்தில் கொடுத்தாலும் அனுப்பி வைப்பார்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் எனப் பன்னிரண்டு விவரங்கள் அட்டையில் வரும். அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாமல், அதை எடுத்துக்கொண்டு மறுபடி அலுவலரிடம் போய், என் பயிருக்கு எந்த உரத்தைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். எங்கள் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதியாக இருப்பது தெரியாமல் ஆண்டுதோறும் மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்படிக் கேட்டபோதுதான் தெரிய வந்தது.

மேலைக்கிணறு எழுதியது:

எல்லோரும் நல்லவிதமாக எழுதியிருக்கிறீர்கள். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் ஏமாந்துபோவார் என்பதால் எழுதுகிறேன். நான் வேறு மாவட்டம். எங்கள் வட்டாரத்தில் கள அலுவலர் பணியிடம் நீண்ட காலம் காலியாகவே இருந்தது. பக்கத்துப் பிர்க்காவைப் பார்ப்பவர் எங்கள் ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். தென்னையில் வெள்ளை ஈ வந்து தோப்பே கருத்தபோது, வயலை வந்து பாருங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவர் வந்து சேர்வதற்குள், பலர் கடைக்காரர் சொன்ன மருந்தை உயரத் தெளிப்பான் வைத்து அடித்துவிட்டார்கள். செலவுதான் ஆனது, ஈ குறையவில்லை. அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருவர் அத்தனை ஊர்களையும் எப்படிப் பார்ப்பார்? ஆளை நிரப்பாமல் திட்டங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் தவறு.

அதன்பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தனித்தனியாகக் கேட்பதை விட்டுவிட்டு, தோப்பு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தோம். அங்கே வேளாண்மை இணை இயக்குநர், தோட்டக்கலைத் துணை இயக்குநர், வேளாண் பொறியியல் துறையினர் என எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். கொடுத்த மனுவுக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். ஊரில் ஒரே இடத்தில் எல்லோரும் கூடுகிறோம், வந்து பேசுங்கள் என்று கேட்டோம். ஒரு வயலுக்கு வர நேரம் இல்லாதவர்களுக்கு ஓர் ஊருக்கு வர நேரம் கிடைத்தது. பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவர் உடன் வந்தார். உங்கள் ஊரிலும் மரவள்ளி வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். மாவுப்பூச்சி வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் மருந்தை நிறுத்தி, சுற்றிலும் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தால் குளவி எங்கே தங்கும்?

உடனடியாக யாரும் கிடைக்காத நேரத்தில் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800 180 1551 இருக்கிறது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். செடியை நேரில் பார்க்காமல் சொல்லும் பதில் என்பதால், மருந்தின் அளவு, உர அளவு, நடவுப் பருவம் போன்ற கேள்விகளுக்கு மட்டுமே அதை நான் நம்புகிறேன். இனம் தெரியாத நோய்க்கு அது போதாது.

உழவர்துணை எழுதியது:

மேலைக்கிணறு நண்பர் சொன்ன குறை உண்மையானது. பணியிடங்கள் நிரம்பாமல் கிடப்பதைத் துறைக்குள்ளிருந்து நானும் பார்த்தவன். ஊராகச் சேர்ந்து கேட்பது என்ற அவருடைய வழி மிகச் சரியானது.

தம்பியின் தென்னைக்கு வருகிறேன். கீழ்மட்டையின் மேற்பரப்பில் கருப்பு படிந்திருந்தால், அதற்கு மேலே உள்ள மட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளை மெழுகு வட்டங்கள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016 முதல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டு மாநிலமெங்கும் பரவியது. ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ்மட்டையில் சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் மரத்தைத் தின்பதில்லை. வெயில் இலையில் படாமல் மறைக்கிறது. இதற்கும் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்பதுதான் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. என்கார்சியா என்னும் ஒட்டுண்ணி இயற்கையாகவே தோப்புகளில் பெருகும். மருந்து அடித்தால் அது அழிந்து ஈ மேலும் பெருகும். மட்டையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளை ஏக்கருக்கு 8 வீதம் ஆளுயரத்தில் கட்டுவது, என்கார்சியா கூட்டுப்புழுக்கள் உள்ள இலைத்துண்டுகளை ஏக்கருக்கு 10 வீதம் வைப்பது ஆகியவை போதும். கருப்பை நீக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். ஒட்டுண்ணி இலைத்துண்டு எங்கே கிடைக்கும் என்று உங்கள் வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகள் அவர் கையில் இருக்கும். ஊடே வாழையும் கல்வாழையும் வைத்தால் அந்த ஒட்டுண்ணி தங்கிப் பெருக இடம் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கடைக்காரர் எடுத்து வைத்த மூன்று புட்டிகளில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததா என்று பாருங்கள். அதைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005இலேயே நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டுவிட்டது. எந்தப் புட்டியானாலும், ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் பயிரின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பயிருக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்தல்ல. ஒரே தெளிப்பானில் மூன்றைக் கலக்கும்படி எந்த அலுவலரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்.

பெரியகாடு எழுதியது:

தம்ளர் சோதனையைச் செய்து பார்த்தோம். வெட்டிய இடத்திலிருந்து பால் போல் இழை இறங்கியது. அப்பாவும் கட்டிலை விட்டு எழுந்து வந்து பார்த்தார். வாடிய செடிகளை அகற்றிவிட்டு அந்தப் பாத்தியில் கீரையும் வெண்டையும் போட என் மனைவி முடிவு செய்திருக்கிறார். சந்தியூரில் அடுத்த பயிற்சி எப்போது என்றும் விசாரிக்கப்போகிறார். தென்னை மட்டையின் அடியில் ஐயா சொன்ன சுருள் வட்டங்கள் தெளிவாக இருக்கின்றன. திங்கட்கிழமை காலை தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய்விட்டு, அப்படியே ஏத்தாப்பூருக்கும் மரவள்ளி நுனிகளை எடுத்துச் செல்லலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குச்சிக்காடு எழுதியது:

மிக நல்லது. நுனிகளைக் கொண்டுபோகும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். திறந்த பையில் வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு போனால், வழிநெடுக உள்ள மரவள்ளிக் காடுகளில் பூச்சியை விதைத்துக்கொண்டே போவீர்கள். காற்றிலேயே குஞ்சுகள் பறந்து பரவும். செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூடியின் உட்புறம் மெல்லிய துணி வைத்து அடைத்து எடுத்துச் செல்லுங்கள். பார்த்து முடித்ததும் திரும்பக் கொண்டுவராமல் அங்கேயே அழித்துவிடச் சொல்லுங்கள். போன இடத்தில் குளவி இருப்பில் இருக்கிறதா, எப்போது தருவார்கள் என்று கேட்டு இங்கே எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் உதவும்.